சோசோபோல் வண்டி நிறுத்தத்தில் கிழிபட்ட இரங்கல் தாள் குறித்து

பெயர்: வெலிச்கா மித்கோவா கராஜோவா. தந்தை பெயர்: மித்கோ. கணவர் பெயர்: ஸ்தோயில் கராஜோவ், காலமானவர். வயது: அறுபத்து மூன்று. முகவரி: பெர்னிக் நகரம், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, பதினேழாம் கட்டடம், நான்காம் மாடி. தொழில்: ஓய்வு பெற்றவர். கல்வி: எட்டாம் வகுப்பு, அதற்கு மேற்பட்டது தானாகக் கற்றது.

தானாகக் கற்றது என்பதை எழுதத் தாளில் இடமில்லை என்று துணை ஆய்வாளர் ராத்கோ பெனேவ் அவர்கள் கூறியதால், கோட்டுக்கு மேலே சிறிய எழுத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன், அவ்வாறே எழுதப்பட்டது. இவ்வாக்குமூலம் நான் சொல்லச் சொல்ல, என் சொற்களிலேயே, எவருடைய வற்புறுத்தலும் இன்றிப் பதிவு செய்யப்படுகிறது.

என் மீதான புகார் மூன்று. சோசோபோல் வண்டி நிறுத்தத்தை அடுத்துள்ள உணவகத்தின் வாசலில் இருந்த கண்ணாடிச் சட்டத்தை உடைத்தேன் என்பது முதலாவது. அதனுள் இருந்த இரங்கல் தாளைக் கிழித்தேன் என்பது இரண்டாவது. நான் யார் என்பதைப் பற்றிப் பொய் கூறினேன் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதன் பொருட்டே பின்வருவனவற்றைக் கூறுகிறேன்.

நான் பெர்னிக் நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில், சுரங்கம் மூடப்படும் வரை வேலை பார்த்தேன். இறங்குகிறவர்களுக்கு விளக்கைக் கொடுப்பதும் ஏறி வருகிறவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவதும் என் வேலை. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் விளக்கறையில் எவரும் இருக்கமாட்டார்கள் ஆதலால், தொழிலாளர் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டு வந்து வாசித்தேன். எங்கள் நாட்டின் பழைய நகரங்களைப் பற்றியும், கருங்கடல் கரையில் கிரேக்கர்கள் அமைத்த துறைமுகங்களைப் பற்றியும் நான் அறிந்தவை யாவும் அவ்வாறு அறிந்தவையே. அவற்றுள் ஒன்றையேனும் அப்போது நான் கண்ணால் கண்டதில்லை.

என் கணவர் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். வசந்த காலம் முதல் இலையுதிர் காலம் வரை, சோபியாவிலிருந்து புறப்பட்டு, புளோவ்திவ், நெசெபர், சோசோபோல் என்ற வழியில் பயணிகளை அழைத்துச் சென்று திரும்புவது அவர் பணி. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையில் வீட்டுக்கு வந்து, அழுக்குச் சட்டைகளைக் குளியலறையில் போட்டுவிட்டு, உறங்கி எழுந்து, வெளுத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஓட்டுநருக்கு அருகில் உள்ள மடக்கு இருக்கையில் தம் மனைவியரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் இருந்தனர். நான் ஒருமுறை கேட்டேன். "அது கைடு சீட்டு" என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

அவர் புறப்படுவதற்கு முன், அவர் செல்லவிருக்கும் ஊர்களைப் பற்றி வாசித்திருந்தவற்றை நான் அவரிடம் எடுத்துரைப்பது வழக்கம். அவர் பூட்ஸைத் துடைத்தபடியே, "வந்துட்டாங்கப்பா ரேடியோ நிலையம். செய்தி முடிஞ்சதும் சொல்லு, சாப்பிடலாம்" என்பார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பயணம் ஒன்றை முடித்துக்கொண்டு வந்தவர், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையிலுள்ள படியில் பையோடு அமர்ந்து, அங்கேயே காலமானார். அடக்கத்துக்கு நானும் பாதிரியாரும் கீழ்வீட்டு அம்மாளும் குழி தோண்டியவர்களும் இருந்தோம். நிறுவனம் அனுப்பிய மலர்வளையத்தை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கொண்டு வந்து, கதவருகே சாய்த்து வைத்து, கையொப்பம் பெற்றுச் சென்றார். அவர் உள்ளே வரவில்லை. வண்டியை நடுத்தெருவில் நிறுத்தியிருப்பதாகக் கூறினார்.

அதன் பிறகு எங்கள் வழக்கப்படி நாற்பதாம் நாளிலும் ஆறாம் மாதத்திலும் அவருடைய படத்தோடு இரங்கல் தாள் அச்சிட்டு, கட்டட வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் ரொட்டிக் கடைக் கதவிலும் ஒட்டினேன். இறந்தவரை அறிந்தவர்கள் நடமாடும் இடத்தில்தான் இரங்கல் தாளை ஒட்ட வேண்டும். என் கணவரை அறிந்தவர் எவரும் அவ்விடங்களில் நடமாடவில்லை. எங்களுக்கு எத்தனையோ ஆண்டுகளாக ரொட்டி விற்ற கடைக்காரர், ஆறாம் மாதத் தாளைப் பார்த்துவிட்டு, "இது யாருங்க, நம்ம பக்கத்து ஆளா?" என்று என்னிடமே கேட்டார். ஆகவே ஓராண்டுத் தாள்களை அவர் அறியப்பட்ட வழியிலேயே ஒட்டுவதென்று முடிவு செய்து, அதே வழியில் செல்லும் பல நாள் சுற்றுலாவில், கட்டணம் செலுத்தும் பயணியாகப் பெயர் பதிந்துகொண்டேன். பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும், மடியாதிருக்கும்படி இரண்டு அட்டைகளுக்கு இடையில் வைத்த தாள்களையும் எடுத்துக்கொண்டேன். யாருடைய மனைவி நான் என்பதை நிறுவனத்தாரிடம் தெரிவிக்கவில்லை. எவரும் கேட்கவுமில்லை.

பயண வழிகாட்டி மிலேனா என்னும் இளம்பெண். பேருந்து புறப்படும் முன் அவர் பயணிகளை ஜோடி ஜோடியாக எண்ணுவார். எல்லோரும் கணவன் மனைவியாகவோ தோழியராகவோ வந்திருந்தனர். தனியாக வந்தவள் நான் ஒருத்தியே. ஜோடிகளை எண்ணி முடித்தபின் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குச் சில நேரங்களில் நினைவிருந்தது. என் பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் மற்றவர்கள் தங்கள் கோட்டுகளை அதில் வைத்தனர். என்னைக் கேட்டுவிட்டே வைத்தனர்.

புளோவ்திவ் சேர்ந்ததும், பயணிகள் அனைவரும் குன்றின் மேலுள்ள ரோமானியர் அரங்கத்துக்குப் புறப்பட்டனர். நான் வண்டி நிறுத்தத்திலேயே நின்றேன். இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். பயணிகள் ஊரைப் பார்த்து வரும் வரை ஓட்டுநர் வண்டியை விட்டு நகர்வதில்லை. என் கணவர் இந்த நகரங்களுக்கு ஆயுள் முழுவதும் சென்றிருந்தும், அவற்றின் வண்டி நிறுத்தங்களை மட்டுமே கண்டவர். ஆகவே அவரை அறிந்தவர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

மிலேனா திரும்பி வந்து, "மேடம், அரங்கம் மேல இருக்கு. இங்க வெறும் டீசல் வாடைதான். இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். ஆம், இதைப் பார்க்கவே வந்தேன் என்று பதிலளித்தேன். அவர் கொடியை உயர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நான் விளக்குக் கம்பத்தில் தாளை ஒட்டிக்கொண்டிருக்கையில், நிறுத்தத்தின் காவலாளி அருகே வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, நம்ம ஸ்தோயில் அண்ணன்ல இது! எப்பங்க?" என்றார். சென்ற ஆண்டு என்று தெரிவித்தேன். "கடவுள் மன்னிக்கட்டும்" என்று, இறந்தவருக்காகச் சொல்லும் வழக்கச் சொல்லைச் சொன்னார். என் கணவருக்காக அச்சொல்லை, பாதிரியார் நீங்கலாக, பிறர் ஒருவர் சொல்லக் கேட்டது அதுவே முதல் முறை. "நீங்க யாரும்மா அவருக்கு?" என்று கேட்டார். மனைவி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அட, மறுபடி கட்டிக்கிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்! கமுக்கமான ஆளுதான்" என்றார். அவர் வாயில் பிளம் சாராய வாடை இருந்ததால், அப்பேச்சை நான் பொருட்படுத்தவில்லை. அன்று மாலை ஜோடிக் கணக்குச் சரியாக இருந்ததால் பேருந்து என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. பக்கத்து இருக்கையில் கோட்டு வைத்திருந்த பெரியவர் ஒருவர் சத்தமிட்டு நிறுத்தியதாகப் பின்னர் அறிந்தேன்.

மறுநாள் நெசெபர் சென்றோம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்தப் பழைய நகரின் வாயிலில், கோட்டைச் சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று காவலர் தடுத்தார். அச்சுவரின் காலத்தையும் மதிப்பையும் அறிந்தவளாகையால் அதில் ஒட்டும் எண்ணமே எனக்கு இல்லை என்று அவரிடம் தெரிவித்துவிட்டு, பேருந்துகள் நிற்கும் இடத்தில் உள்ள பலகையில் ஒட்டினேன். அங்கே வண்டியில் காபி விற்கும் பெண்மணி ஓடி வந்து தாளைப் பார்த்துக் கண் கலங்கினார். எனக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்தார். நான் மனைவி என்று அறிந்ததும், பின்வருமாறு கூறினார்:

"அப்ப நீங்க ரெண்டாவதா? தப்பா நினைக்காதீங்க அக்கா, நல்ல மனுஷனைத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா மொத சம்சாரத்தை அவரால மறக்கவே முடியல. படிச்ச பொம்பளையாம். புத்தகத்தைக் கீழ வெக்காதாம். இங்க உக்காந்து அதைப் பத்திச் சொல்லுவாரு பாருங்க, காபி ஆறிப் போறது கூடத் தெரியாது. கோவிச்சுக்காதீங்க, நீங்களும் நல்லவங்களாத்தான் இருப்பீங்க."

காபிக்கு அவர் காசு வாங்கவில்லை.

நெசெபரிலிருந்து சோசோபோல் செல்லும் வழி முழுவதும் நான் கடலைப் பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். உப்பளங்கள் வந்தபோது மிலேனா ஒலிவாங்கியில் அவற்றைப் பற்றிக் கூறினார், கேட்கவில்லை. என்னை மணந்தபோது என் கணவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அதற்கு முன் ஒரு திருமணம் நடந்து, அப்பெண் இறந்திருக்கக் காலம் போதுமானது. அவளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. படித்தவள் என்பது என்னை மிகவும் வருத்தியது. அவள் பள்ளியில் முறையாகப் படித்திருப்பாள், சான்றிதழ் இருந்திருக்கும், நான் எடுத்துரைத்தவற்றை எல்லாம் அவர் அவளிடம் முன்பே கேட்டிருப்பார், ஆகவேதான் என்னை ரேடியோ என்று கேலி செய்தார் என்று எண்ணினேன். பக்கத்து இருக்கையில் இருந்த கோட்டுகளை எல்லாம் எடுத்து உரியவர்களிடம் கொடுத்தேன். எவரும் காரணம் கேட்கவில்லை.

சோசோபோலில் பேருந்து நின்றதும் மற்றவர்கள் பழைய நகருக்குள் சென்றனர். நான் நிறுத்தத்தின் ஓரத்தில், அத்திமரத்தின் கீழ் உள்ள உணவகத்தை நோக்கி நடந்தேன். அதன் வாசற்கதவில் கண்ணாடி போட்ட மரச்சட்டம் ஒன்று இருந்தது. அதனுள் முன்பே ஓர் இரங்கல் தாள் இருந்தது. படத்தில் என் கணவர் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வாறு அவர் சிரித்து நான் கண்டதில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தவற்றை நினைவிலிருந்து கூறுகிறேன். கிழிந்த தாள் அதிகாரியின் மேசையில் இருப்பதால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்:

"ஓராண்டு. ஸ்தோயில் கராஜோவ். எங்கள் நண்பர், எங்கள் மேசையின் விருந்தாளி. தமக்கு முன்னே சென்றுவிட்ட அன்பு மனைவி வெலிச்காவிடம் போய்ச் சேர்ந்தார். தானாகப் படித்துத் தேர்ந்தவள் அவள். பேசினால் வானொலி கேட்பது போலிருக்கும். போகாத ஊர்களை எல்லாம் அறிந்தவள். அவளுக்கு நிகராக ஒருத்தியை அவர் கண்டதில்லை. இருவரையும் மறவோம். நினைவு விருந்து சனிக்கிழமை நண்பகல், இங்கே."

அதன் மேலே, ஒருவருக்கு ஒன்றாக, சிலுவைக் குறிகள் இரண்டு இருந்தன.

அதுவரை என்னை எவரும் படித்தவள் என்று கூறியதில்லை ஆகையால், புளோவ்திவிலும் நெசெபரிலும் பேசப்பட்ட பெண் நானாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இவ்விடத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். அதைப் படித்தபின் என்ன செய்தேன் என்பது ஒழுங்காக நினைவில்லை. சட்டத்தின் இடுக்கில் விரல்களை நுழைத்துத் தாளைப் பிடித்து இழுத்தேன். தாள் கிழிந்தது. கண்ணாடி கழன்று படியில் விழுந்து உடைந்தது. என் வலது கையில் ரத்தம் வந்தது.

அதன் பிறகு உணவகத்தின் உரிமையாளரும் புகார்தாரருமான ஸ்லாத்கா என்பவர், கையில் வெங்காயத்தோடும் கத்தியோடும் வெளியே வந்தார்.

"ஏய், ஏய்! என்ன பண்ற நீ? செத்தவங்க தாளைக் கிழிக்கிறியே, கை விளங்குமா உனக்கு?"

இதில் குறிப்பிடப்பட்டுள்ள வெலிச்கா நான்தான் என்று அவரிடம் தெரிவித்தேன்.

"நீயா? அவ செத்துப் புல்லு முளைச்சாச்சு! நாளைக்கு விருந்தை வெச்சுக்கிட்டு வெங்காயம் உரிக்கவே எனக்குக் கை பத்தல, இன்னிக்குன்னு பாத்து ஒரு பைத்தியம் வந்து வாய்க்குதே!" என்று கூறி, உள்ளே திரும்பிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்யும்படி உரத்த குரலில் சொன்னார். அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடுப்பிலிருந்த துண்டை என் மீது எறிந்து, "ரத்தம் சொட்டுது பாரு, கட்டித் தொலை மொதல்ல. படியெல்லாம் கறையாவுது" என்றார். அத்துண்டு இப்போதும் என் கையில் கட்டப்பட்டுள்ளது. அதைச் சான்றுப் பொருளாகச் சேர்க்கத் தேவையில்லை. வெளுத்துத் திருப்பிக் கொடுப்பேன்.

நிலையத்தில் துணை ஆய்வாளர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். கிழிந்த தாளையும் பார்த்தார். அதன் பிறகு அட்டையை ஸ்லாத்காவிடம் கொடுத்தார். ஸ்லாத்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிலுவைக் குறியிட்டுக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தார். பின்னர் அவர் கூறியது பின்வருமாறு:

"அவரு இந்த வழியில ஓட்ட ஆரம்பிச்ச மொத வருஷம். ஜனங்க எல்லாம் ஊருக்குள்ள போயாச்சு. டிரைவருங்களுக்கு நம்ம கடையில சாப்பாடு உண்டு, இவரு மட்டும் வரல. என்னாச்சுன்னு போய்ப் பாத்தா, ஸ்டியரிங்கு மேல தலைய வெச்சுக்கிட்டு அழுவுறாரு. இம்மாம் பெரிய ஆம்பளை! யாராச்சும் செத்துட்டாங்களான்னேன். ஆமான்னாரு. யாருன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, பொண்டாட்டின்னாரு. நான் என்ன பண்ணுவேன்? குடல் சூப்பு ஒரு கிண்ணம் கொண்டு போய் வெச்சேன். பூண்டு கூட ரெண்டு கரண்டி போட்டு."

எங்கள் நாட்டில் ஆண் ஒருவர் அழுதால் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவே. எவரும் சாகவில்லை என்று பதில் சொன்னால், பிறகு எதற்காக அழுகிறாய் என்பதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். சாவு இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சூப்பும் வரும். என் கணவர் அன்று எதற்காக அழுதார் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்று இங்கே அமர்ந்து யோசித்துப் பார்த்தேன். எதுவும் நிகழவில்லை. சட்டைகளை வெளுத்தேன், புத்தகம் வாசித்தேன், அவர் வந்தார், போனார். வேறு எதுவும் நிகழவில்லை.

ஸ்லாத்கா மேலும் கூறினார்: "அப்புறம் வருஷா வருஷம் உன் பேச்சுதான், போன வருஷம் புது டிரைவர் வந்து அவரு போன சேதியைச் சொல்ற வரைக்கும். வெலிச்கா இப்படிச் சொல்லுவா, வெலிச்கா அதைப் படிச்சிருக்கா. மீன்காரனுங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பானுங்க. செத்தவங்களுக்குப் படைக்கிற ஆத்துமா சனிக்கிழமை தவறாம உனக்குக் கோதுமை அவிச்சேன். கோயில்ல உனக்கு மெழுகுவத்தி ஏத்துனேன், கீழ்த்தட்டுல! மேல்தட்டு உசுரோட இருக்கறவங்களுக்கு, கீழ்த்தட்டு செத்தவங்களுக்கு, உனக்குத் தெரியாததா? உசுரோட இருக்கறவளைக் கொண்டு போய்க் கீழ வெச்சிருக்கேனே! உனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

எனக்கு எதுவும் ஆகவில்லை என்று தெரிவித்தேன்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ அவர் கூட வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அது வழிகாட்டியின் இருக்கை என்று பதிலளித்தேன்.

இச்சமயத்தில் மிலேனா மூச்சு வாங்கியபடி நிலையத்துக்கு வந்தார். கண்ணாடி உடைந்ததும் தாள் கிழிந்ததும் தவிர வேறெதையும் அவர் அறியார். "மேடம், கண்ணாடிதானே? தெரியாம கைபட்டு உடைஞ்சு போச்சு, ஏதோ ஒரு தாள், யாருதுன்னு தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. எல்லாரும் பஸ்ஸுல உக்காந்துட்டாங்க. ஓட்டல்ல சாப்பாடு மூடிடுவான், அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க" என்றார். யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று அவரிடம் கூறினேன். அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சன்னலைப் பார்த்தார்.

அதன் பிறகு ஸ்லாத்கா என் பக்கத்தில் வந்து அமர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். புகாரைத் தாம் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், கண்ணாடி போகட்டும் என்றும் கூறினார். பின்னர் கூறியது இது:

"தங்கச்சி, நாளைக்கு எல்லாரும் வராங்க. மீன்காரங்க, நிறுத்தத்து ஆளுங்க, சாமியார் கூட வராரு. அவங்க கிட்டப் போயி, ஸ்தோயில் அண்ணன் இத்தனை வருஷம் நம்மளை ஏமாத்திச் சூப்பு குடிச்சாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? காறித் துப்புவாங்க, தங்கச்சி. கடையில மாட்டியிருக்கற அவரு படத்தைக் கழட்டிடுவாங்க. நீ அவரோட தங்கச்சின்னு சொல்லிடு. பெர்னிக்ல இருந்து வந்திருக்கேன்னு சொல்லு. மேசைத் தலைப்புல உன்னை உக்கார வெக்கறேன். அவரைப் பத்திப் பேச உனக்கு ஊரே இருக்கும். தங்கச்சின்னு ஒரு வார்த்தை. யாருக்கு நட்டம்?"

இதற்கு இணங்கலாமா என்று நான் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பெர்னிக்கில் என் கணவரைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. கீழ்வீட்டு அம்மாளுக்குக் காது கேட்காது. இங்கே ஒரு மேசை நிறைய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று அறிந்தவர்கள். அவருடைய தங்கையாக நான் அங்கே அமரலாம். அவர்கள் அழுவார்கள். வெலிச்காவைப் பற்றியும் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டு, அவள் நல்லவள்தான் என்று தலையசைக்க வேண்டும். அவள் செத்தே இருப்பாள்.

நான் மறுத்துவிட்டேன்.

புகார் திரும்பப் பெறப்படும் நிலையில் வாக்குமூலம் தேவையில்லை என்று அதிகாரி தெரிவித்தார். தேவை என்று நான் தெரிவித்தேன். ஸ்லாத்கா எழுந்தார். "வந்தா சாப்பாடு போடாம அனுப்ப மாட்டேன், அப்படிப்பட்டவ இல்ல நான். ஆனா உன்னை யாருன்னு சொல்லி உக்கார வெக்கறது?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லி என்றேன். அவர் வெளியேறினார். நாளைய விருந்து நடைபெறுமா என்பதும், நடைபெற்றால் எனக்கு அங்கே இடமுண்டா என்பதும் இவ்வாக்குமூலம் அளிக்கும் நேரத்தில் எனக்குத் தெரியாது.

மிலேனா என் பெட்டியை நிலைய வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சென்றார். பேருந்து புறப்படும் ஓசை கேட்டது. இப்போது அவருக்கு ஜோடிக் கணக்குச் சரியாக வரும்.

என் கணவர் பொய்யர் என்று இதில் எங்கும் எழுதப்படவில்லை. அவ்வாறு எழுதப்பட நான் சம்மதிக்கவில்லை. அவர் எவரிடமும் பணமோ பொருளோ கேட்டதாக ஸ்லாத்காவும் கூறவில்லை. ஒரு கிண்ணம் சூப்பைத் தவிர வேறு எதையும் அவர் என் சாவைக் கொண்டு பெறவில்லை.

கண்ணாடிக்கு உரிய இழப்பீட்டைச் செலுத்தச் சம்மதிக்கிறேன். விதிக்கப்படும் தண்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. சான்றுப் பொருளாக எடுக்கப்பட்டுள்ள கிழிந்த தாள், விசாரணை முடிந்தபின் குப்பையில் போடப்படாமல், மேற்கண்ட முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும். அனுப்பும் செலவை ஏற்கிறேன். எனக்குப் பின் எனக்காகத் தாள் ஒட்டுவதற்கு எவரும் இல்லை ஆதலாலும், இதைவிட மேலாக எவரும் எழுதப்போவதில்லை ஆதலாலும் இதைக் கேட்கிறேன்.

இவ்வாக்குமூலம் எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. இதில் கூறியுள்ள அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. மேற்படி தாளில் என்னைப் பற்றி எழுதப்பட்டுள்ளவையும், நான் இறந்தேன் என்பது நீங்கலாக, உண்மையென என் கணவர் நம்பினார் எனத் தெரிய வருவதால், அவற்றையும் இதன்மூலம் உறுதி செய்து, கட்டுப் போட்ட வலது கையாலேயே கையொப்பமிடுகிறேன்.

வெலிச்கா மித்கோவா கராஜோவா
ஸ்தோயில் கராஜோவின் மனைவி